டேக் கிளவுடுக்குத் தமிழ்: வெள்ளிக்குள் வேண்டும்

நூலகன்:
நண்பர்களே, எங்கள் கல்லூரி நூலகத்தில் கோஹா என்னும் நூலக மென்பொருளை நிறுவி, இடைமுகத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வாசகர் தாமே புத்தகத்துக்கு இடும் டேக் 'குறிச்சொல்' ஆகிவிட்டது. அவற்றையெல்லாம் ஒரே கட்டத்தில் போட்டு, அதிகம் பேர் இட்டதைப் பெரிய எழுத்தில் காட்டுமே, 2004 வாக்கில் ஃபிளிக்கர் என்ற படப்பகிர்வுத் தளம் பரப்பிய அந்த டேக் கிளவுடுக்கு என்ன சொல்வது? இப்போதைக்கு 'குறிச்சொல் மேகம்'. வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும்.

புலவர்:
மேகம் வடசொல். போதாததற்குச் சித்த மருத்துவத்தில் அது நோய்ப் பெயர். முகில் இருக்கிறதே, கன்னடரும் முகிலு என்கிறார்கள். மூடு, மூட்டம், முக்காடு, முகில் எல்லாம் ஒரே வேர் என்பேன். மேகமே முகிலிலிருந்து போனதுதான் என்பது என் துணிபு. சங்கச் சொல் வேண்டுமென்றால் கொண்மூ, நீரைக் கொள்வது. 'குறிக்கொண்மூ' என்று சொல்லிப் பாருங்கள்!

நெல்லையான்:
ஐயா, முக்காடு வரை போனவர் மூக்கை ஏன் விட்டீர்கள்? தொல்காப்பியரே எச்சவியலில் வடசொல்லுக்கு வழி விட்டிருக்கிறார். குறிக்கொண்மூவைப் பார்த்தால் பையன்கள் ஏதோ பூச்சி என்பார்கள்.

மட்டக்களப்பாள்:
மேகம் எதற்கு என்றே எனக்கு விளங்கவில்லை. ஏற்கெனவே கிளவுட் கம்ப்யூட்டிங்குக்கு மேகக்கணிமை வேறு இருக்கிறது. சொற்கள் குவிந்து கிடந்தால் குவியல்தானே?

புலவர்:
குவியல் என்றால் குப்பை நினைவுதான் வருகிறது. சரி, இந்த வசதியே எதற்கு? சீர்காழியில் பிறந்த நூலகவியலாளர் ரங்கநாதன் 1933-இல் நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் கோலன் பகுப்புமுறை தந்த பிறகு, கண்டவரும் நூலுக்குப் பெயர் ஒட்டுவதா?

நூலகன்:
அதே ரங்கநாதன்தான் 1931-இல் நூலகம் வளரும் உயிர் என்றார் ஐயா. இரண்டு வாரம் சோதனைக்கு விட்டுப் பார்த்தேன். நான் 'வெப்ப இயக்கவியல்' என்று பகுத்த புத்தகத்துக்குப் பையன்கள் இட்ட சொல் 'அரியர்'. கட்டத்திலேயே பெரிய எழுத்து அதுதான். ஓரத்தில் பொடியாக வெப்ப இயக்கவியல், அதுவும் நான் இட்டது. ஒப்புதல் பொத்தான் என் கையில் இருக்கிறது, நீக்கியிருக்கலாம். ஆனால் தேர்வுக்கு முந்தின வாரம் அந்த அரியரைச் சொடுக்கித்தான் நாலு பேர் அலமாரியைத் தேடி வந்தார்கள், விட்டுவிட்டேன்.

நெல்லையான்:
அப்போ 'திரள்' என்று வைத்துவிடுங்கள். குப்பையும் இல்லை, மழையும் இல்லை.

மட்டக்களப்பாள்:
திரள் சரி. அரியரையும் விட்டுவிடுங்கள்.

நூலகன்:
'குறிச்சொல் திரள்' என்றே அனுப்பிவிட்டேன். நன்றி.

புலவர்:
திரளுக்கு மறுப்பில்லை, கொண்மூவை நான் கைவிடவுமில்லை. அது போகட்டும், டேக் 'குறிச்சொல்' ஆனது யார் முடிவு? ஒட்டுவது குறியா, சொல்லா? தனி இழையில் வருகிறேன்.