கிரிக்கெட்டிலிருந்து பேஸ்பாலுக்குப் போகும் நம்ம மலைப் பையன்: ஆடிப் பார்த்தவங்க எழுதுங்க

கட்டபெட்டு கீப்பர்

கோத்தகிரி பக்கம் ஞாயித்துக்கிழமை மேட்ச் ஆடுறவங்களுக்கு இவனைத் தெரியாம இருக்காது. பேர் போடாதீங்கண்ணான்னு அவனே சொல்லிட்டான், அதனால போடல. டீப் மிட்விக்கெட்ல எடுத்து எறிஞ்சா பந்து தரையைத் தொடாம கீப்பர் கைக்கு வரும். ஆனா பவுலிங் குடுத்தா எதிர் டீம் சண்டைக்கு வந்துரும், "மாங்கா போடுறான்"னு, அதாவது கையை மடக்கி எறியறான்னு. ஐசிசி கணக்குல முழங்கை 15 டிகிரி வரைக்கும் நிமிரலாம். இவனுக்கு அளக்கவே வேண்டாம், ரோட்டுல பஸ்ஸுக்கு நிக்கிறவருக்கே தெரியும்.

இப்ப பேஸ்பால்ல பந்து எறியற பிட்சர் ஆகணும்னு நிக்கிறான். பொழுதுபோக்குக்கு இல்ல, சம்பளம் வாங்கிட்டு ஆடணுமாம். அங்க கையை எப்படி மடக்கினாலும் யாரும் கேக்க மாட்டாங்க, அது உண்மைதான்.

அவன் எறியறதைப் பிடிக்க கேட்சரா உட்கார்றது நான். கீப்பிங் கிளவுஸ், ஹெல்மெட், கார்டு எல்லாம் மாட்டிக்கிட்டுத்தான். பேஸ்பால் எடை 142-லேர்ந்து 149 கிராம். நம்ம ஸ்டிச் பால் 156-க்கு மேல. எடை குறைச்சல்தானேன்னு நினைச்சுராதீங்க. நம்ம ஆட்டத்துல பந்து பிட்ச் ஆகி வேகம் கொறைஞ்சு வரும், அதைப் பார்த்து நகரலாம். இது நேரா வந்து உள்ளங்கையில இறங்குது. தூரமும் கம்மி, 18.44 மீட்டர். நம்ம பிட்ச் 20.12.

பிட்சர் நின்னு எறிய மேடு வேணும்னு செம்மண் கொட்டி 25 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தட்டி வெச்சோம். பக்கத்து டீ தோட்டத்துல கொழுந்து எடுத்துட்டு இருந்த அம்மா ஒருத்தர் வந்து "யாருக்குப்பா சமாதி?"னு கேட்டாங்க.

மேட்டுல ஏறினதும்தான் விஷயம் புரிஞ்சது. பவுண்டரியில நின்னு இவன் எறியறப்போ ரெண்டு மூணு எட்டு ஓடி வந்து எறியறான். வேகத்துல ஒரு பங்கு அந்த ஓட்டத்துல இருக்கு. பிட்சர் ஓட முடியாது. ரப்பர் பலகையில ஒரு காலை வெச்சுக்கிட்டே, இடுப்பைத் திருப்பி, மத்த காலை நீட்டி இறக்கணும். முதல்ல இவன் எறிஞ்சது ஸ்பின்னர் பந்து மாதிரி வந்துச்சு. அவனுக்கு அவ்ளோ கோபம். கை இருக்கு, கால் இன்னும் கிரிக்கெட்லயே இருக்கு.

ஓய்வு பி.இ.டி., குன்னூர்

இந்தப் பையனை ஊட்டி எச்.ஏ.டி.பி. மைதானத்தின் ஓரத்தில் பார்த்தேன். ‘கர்வ்’ எனும் வளைவுப் பந்தைப் பயிற்சி செய்துகொண்டிருந்தான். பந்து சரியாக வளையவில்லை. "மாஸ்டர், பிடி தப்பா?" என்று கேட்டான். பிடியும் சரி, சுழற்சியும் சரி. காற்றுதான் போதவில்லை.

சுழலும் பந்து வளைவதற்குக் காற்று அதைத் தள்ள வேண்டும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. வளைவும் அந்த அளவுக்குக் குறையும். அமெரிக்காவில் டென்வர் நகர மைதானம் 1,600 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அங்கேயே பந்து வளையவில்லை, அடித்தால் எங்கோ போய் விழுகிறது என்று பிட்சர்கள் புலம்புவது பழைய கதை. 2002 முதல் பந்துகளை ஈரப்பதம் காக்கும் அறையில் வைத்துத்தான் ஆட்டத்துக்கு எடுக்கிறார்கள். நம் ஊட்டி அதைவிட 600 மீட்டருக்கு மேல் உயரம்.

பையன் என்ன செய்தான் என்றால், வளைய வேண்டும் என்று மணிக்கட்டை இன்னும் முறுக்கி, இலக்கையும் தாழ்த்தி எறியப் பழகிவிட்டான். பிறகு கோவையில் ஒரு கல்லூரி மைதானத்தில் எறிந்தபோது பந்து பேட்ஸ்மேனை அடையும் முன்பே தரையில் குத்தியதாம். கீழே அது வளையத்தானே செய்யும்! மூச்சுப் பயிற்சிக்கும் ஓட்டத்துக்கும் நம் மலை நல்லது. வளைவுப் பந்தை மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிக் கற்றுக்கொள்ளட்டும்.

தூனேரி ஓப்பனர்

நான் அவனுக்கு எதிரா பேட் பிடிச்சவன். புல்டாஸ்தானே வருது, வெளுத்துரலாம்னு போனேன். பேஸ்பால் கட்டை உருண்டை. அதிகபட்ச விட்டமே 6.6 செ.மீ. நம்ம பேட் அகலம் 10.8. அதுவும் தட்டையான முகம். பந்து பட்டாலும் மேல இல்லைன்னா கீழதான் போகுது. எனக்கு ரன் வர்றதே லேட் கட்லயும் லெக் கிளான்ஸ்லயும். பின்னாடி போற எல்லாமே ‘ஃபவுல்’னா நான் எதை அடிக்கிறது? ஓப்பனர் புத்தியில ஆப் ஸ்டம்புக்கு வெளியேன்னு ஒண்ணை விட்டா அது ஸ்ட்ரைக்காம். மூணு ஸ்ட்ரைக்குல வெளிய.

என்னை விடுங்க. வெஸ்ட் இண்டீஸ் ஓப்பனர் கீரன் பவல், 2012-ல மிர்பூர் டெஸ்ட்ல ரெண்டு இன்னிங்ஸ்லயும் செஞ்சுரி அடிச்சவர். கிரிக்கெட்டை ஒதுக்கி வெச்சுட்டு ஃபுளோரிடாவுல போய்ப் பயிற்சி எடுத்து, நியூயார்க் மெட்ஸ் டீமுக்கு டிரையல் வரைக்கும் போனார். ஒப்பந்தம் கிடைக்கல. 2017-ல திரும்பி வந்து வெஸ்ட் இண்டீஸுக்கே ஆடினார். அப்பேர்ப்பட்டவர் பேட்டிங்கை நம்பிப் போனதே இப்படி முடிஞ்சுது. அதனால தம்பி பிட்சரா போறதுதான் சரின்னு நினைக்கிறேன். எறியற கை எந்த ஆட்டத்துக்கும் கூட வரும், பேட்டிங் கண்ணு வராது.

வெலிங்டன் பிசியோ

ஒரே ஒரு விஷயம். ஃபீல்டர் ஒரு மேட்ச்ல முழு வேகத்துல எறியறது கொஞ்சம்தான். பிட்சர் அதையே திரும்பத் திரும்ப எறியறார். முழங்கை உள்பக்கத் தசைநார் அறுந்து ஆபரேஷன் பண்ணிக்கிற பிட்சர்கள் அங்க ஏராளம். 1974-ல டாமி ஜான்ங்கிற பிட்சருக்கு முதல்ல செஞ்சதால அவர் பேராலேயே சொல்றாங்க. குளிர்ல கை சூடாகாம, ஜெர்க்கினைக் கழட்டிட்டு நேரா மேட்டுல ஏறி எறியற பழக்கத்தை நான் கண்ணால பார்த்தேன். தம்பி, இதைப் படிச்சா முதல்ல அதை நிறுத்து.

கூடலூர் கணக்கு

எல்லாரும் கையைப் பத்தியே பேசுறீங்க. பையன் வயசு 23. மத்த நாட்டுப் பசங்களை அமெரிக்க அணிகள் 16, 17 வயசுலேயே எடுத்துக்குது. 2023 ஒப்பந்தத்துலயே அங்க அடிமட்டப் பயிற்சி லீக்ல குறைஞ்சபட்ச வருஷச் சம்பளம் 19,800 டாலர்னுதான் வெச்சாங்க. அதுக்கு முன்னாடி 4,800. வீட்டுல அப்பாவுக்கு பச்சைத்தேயிலை விலை சரியில்ல, பையன் செம்மண் மேட்டுல நிக்கிறான்.

ரிங்கு சிங் (நம்ம கிரிக்கெட் ரிங்கு இல்ல, வேற ஆள்), தினேஷ் படேல்னு உத்தரப் பிரதேசத்துப் பசங்க ரெண்டு பேர் 2008-ல எறியற போட்டி ஒண்ணுல வந்து பிட்ஸ்பர்க் பைரேட்ஸ்ல சேர்ந்தாங்களே, அதைத்தான் எல்லாரும் உதாரணம் காட்டுறாங்க. அவங்க ஈட்டி எறியறவங்க, கிரிக்கெட்காரங்க இல்ல. தினேஷை 2010-ல விட்டுட்டாங்க. ரிங்கு கீழ்மட்ட லீக்லேயே சில வருஷம் ஆடிட்டு கடைசியில மல்யுத்தத்துக்குப் போயிட்டார். நான் பையனைக் கோத்தகிரி பஸ்ல பார்த்தப்போ இதையெல்லாம் சொன்னேன். "தெரியும்ணா, ரெண்டு பேரையும் தெரியும்"னான். அதுக்கு மேல நான் என்ன சொல்ல?

கட்டபெட்டு கீப்பர்

கணக்கு அண்ணா, நீங்க சொன்னது தப்பில்ல. ஆனா அவன் கண்ணு அமெரிக்கா மேல இல்ல. 2023 நவம்பர்ல துபாய் கிரிக்கெட் ஸ்டேடியத்துலயே ஒரு லீக்காரங்க பேஸ்பால் ஆடிக் காட்டினாங்க. அந்த லீக்ல மும்பை பேர்லயே ஒரு டீம் இருக்கு. அங்க இடது கை, வலது கை, கிரிக்கெட்லேர்ந்து வந்தவன் எல்லாருக்கும் ஒரு வாய்ப்பு இருக்கும்னு நம்பறான். அதுக்கு முன்னாடி பல்கலைக்கழக டீம்ல ஆடணும்னு தபால்ல எம்.ஏ. போடலாமான்னு கேட்டான். தபால்ல படிச்சா அந்த டீம்ல சேர்ப்பாங்களான்னு எனக்குச் சந்தேகம். ரெகுலர்ல சேருடான்னு சொல்லியிருக்கேன். கோவையில சேர்ந்தா மாஸ்டர் சொன்ன வளைவுப் பிரச்சினையும் தீரும்.

மேட்டுல கால் இப்ப பரவாயில்ல. என் விரல் ரெண்டு வீங்கிப் போச்சு. நிஜ கேட்சர் மிட் யார்கிட்டயாவது பழசு இருக்கா? நான் வலது கை ஆட்டக்காரன், அதனால இடது கையில போடுற மாதிரி வேணும். கொடைக்கானல்ல இருந்தாலும் பரவாயில்ல, வந்து வாங்கிக்கறேன்.

ஓய்வு பி.இ.டி., குன்னூர்

என்னிடம் சாஃப்ட்பால் மிட் ஒன்று இருக்கிறது. பள்ளியில் பெண் பிள்ளைகள் ஆடியது. பந்து உட்காரும் குழி கொஞ்சம் பெரிது, பேஸ்பால் உள்ளே ஆடும். உள்ளே ஸ்பாஞ்சு வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். பெட்போர்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்து போன் செய்யுங்கள், கொண்டுவந்து தருகிறேன். பையனையும் கூட்டி வாருங்கள், அந்த மணிக்கட்டு முறுக்கலைப் பார்க்க வேண்டும்.