நமுத்துப் போன மரப் பிஸ்கட்: காயவைத்தால் மீளுமா?

ஞாயிறு தச்சன்:
வாரத்தில் ஒரு நாள் மட்டும் மரவேலை செய்கிறவன் நான். இரண்டு பலகையை இணைக்க, இரண்டிலும் காடி (நீளப் பள்ளம்) வெட்டி பசையோடு செருகுகிற இலை வடிவ மெல்லிய மரத்துண்டுதான் மரப் பிஸ்கட். இரண்டு வருடம் முன்பு 20 ஆம் எண் அளவில் ஆயிரம் பிஸ்கட் அடங்கிய பெட்டி ஒன்றை வாங்கினேன். மொத்தமாக வாங்கினால் லாபம் என்று கணக்குப் போட்டேன். அட்டைப்பெட்டியிலேயே வேலை மேசைக்கு அடியில் கிடந்தது. இதுவரை நூறு கூடச் செலவாகவில்லை.

போன வாரம் 18 மி.மீ. பிளைவுட்டில் ஓர் அலமாரி. காடியெல்லாம் வெட்டி முடித்து, பசை போடாமல் பொருத்திப் பார்த்தபோதே பிஸ்கட் கையால் இறங்கவில்லை. ரப்பர் சுத்தியால் இரண்டு தட்டு தட்டினேன், இறங்கியது. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். பசை ஊற்றி ஒரு பலகையில் எல்லாவற்றையும் அடித்து இறக்கிவிட்டு, அடுத்ததை மேலே வைத்து கிளாம்ப் போட்டேன். 2 மி.மீ. இடைவெளிக்கு வந்ததும் நின்றுவிட்டது. மேலும் இறுக்கினால் பலகைதான் வளைகிறது, மூட்டு அசையவில்லை. சரி, பிரித்துவிடலாம் என்று பார்த்தால் அதற்குள் பிஸ்கட் பசையைக் குடித்து உப்பிக் கவ்விக்கொண்டது. அந்த இடைவெளி இன்னும் அப்படியே இருக்கிறது.

இரண்டு கேள்விகள். மீதி தொள்ளாயிரத்தைக் காயவைத்துப் பயன்படுத்தலாமா, அடுப்பெரிக்கலாமா? அப்புறம், 0, 10, 20 என்று மூன்று எண்ணும் வாங்கி வைப்பது அவசியமா?

உளிமுனை:
அடுப்புக்குத்தான். சங்கடமாக இருக்கும், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

மரப் பிஸ்கட் என்பது வெட்டி எடுத்த மரத்துண்டு அல்ல, அழுத்தி எடுத்த துண்டு. பீச் மரத்தை நன்றாக உலர்த்தி, பிரஸ்ஸில் வைத்து நசுக்கித்தான் செய்கிறார்கள். பி.வி.ஏ. என்கிற வெள்ளைப் பசையில் உள்ள தண்ணீர் பட்டதும் நசுங்கிய நார் பழைய தடிமனுக்குத் திரும்பப் பார்க்கும். 4 மி.மீ. காடிக்குள் அதற்கு இடம் இல்லாததால் சுவரை இறுக்கிப் பிடிக்கும். 1950களின் நடுவில் ஸ்விட்சர்லாந்துத் தச்சர் ஹெர்மன் ஸ்டைனர் இதைக் கண்டுபிடித்தபோதே சூட்சுமம் இதுதான். அப்போது புதிதாக வந்திருந்த துகள் பலகையை இணைக்க வழி தேடித்தான் அவர் இதற்கு வந்தார். பிஸ்கட்டுக்கு வழங்கும் லமெல்லோ என்ற பெயரும் அங்கிருந்து வந்ததுதான்.

உங்கள் பிஸ்கட் அந்த உப்பலை இரண்டு வருடமாகக் காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்தே கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்துவிட்டது. இனி காயவைத்தால் தண்ணீர் போகும், நசுக்கியது திரும்பி வராது. சின்னப் பொட்டலமாக வாங்குங்கள். ரப்பர் வளையம் வைத்த மூடியுள்ள கண்ணாடி ஜாடியில், ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

பழைய பட்டறை:
தொள்ளாயிரத்தையும் எரிக்கச் சொல்வது ரொம்ப அநியாயம். இருபது வருடத்துக்கு மேல் இந்தக் காடி வெட்டும் மெஷினோடு குப்பை கொட்டியிருக்கிறேன். என் பிஸ்கட் தகர டப்பாவில்தான் இருக்கும், பாதி நாள் மூடியே இருக்காது. மழைக்காலத்தில் இறுகும், வெயில் காலத்தில் லூசாகும். இறுகினால் பத்துப் பத்தாக மைக்ரோவேவில் போட்டு எடுப்பேன். அதோடு சரி. நான் செய்த அலமாரி எதுவும் இதுவரை பிரிந்து விழவில்லை.

தம்பி, முதலில் உங்கள் பிளேடைப் பாருங்கள். பல்லில் பிசினும் பசையும் ஏறியிருக்கும். பல் தேய்ந்தால் காடியும் ஒரு மயிரிழை குறுகும். எல்லாப் பழியையும் பிஸ்கட் மேல் போடாதீர்கள்.

உளிமுனை:
அண்ணே, மைக்ரோவேவில் என்ன நடக்கிறது என்று ஒரு தடவையாவது அளந்து பார்த்தீர்களா?

பழைய பட்டறை:
காடியில் இறங்கினால் அளந்த மாதிரிதான்.

ஞாயிறு தச்சன்:
சண்டையை நிறுத்துங்கள், நான் அளந்துவிட்டேன். நண்பர் ஒருவர் உறை பிரிக்காத பாக்கெட் ஒன்று கொடுத்தார். டிஜிட்டல் காலிப்பரில் பார்த்தது:

புதுசு: 3.85 மி.மீ.க்குப் பக்கம், எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி.
என் பெட்டியில் உள்ளது: 4.15 முதல் 4.25 வரை. பெட்டியின் ஓரத்தில் இருந்தவை அதிகம், நடுவில் இருந்தவை கொஞ்சம் குறைவு.
மைக்ரோவேவில் காயவைத்த பிறகு: 4.08.
காடி அகலம்: துண்டுப் பலகையில் புதிதாக வெட்டிப் பார்த்தேன், 4.0. பிளேடில் பிசின் இருந்தது உண்மைதான். சுத்தம் செய்தும் பெரிய வித்தியாசம் இல்லை.

காயவைத்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். பத்துப் பிஸ்கட்டைத் தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, பதினைந்து விநாடி ஓடவிட்டு, எடுத்து எடை போட்டேன். எடை குறைகிற வரைக்கும் அதையே திரும்பச் செய்தேன். ஐந்தாவது சுற்றுக்கு மேல் எடை இறங்கவில்லை. முதல் இரண்டு சுற்றில் தட்டின் அடியில் பனி மாதிரி ஈரம் படிந்தது. அவ்வளவு தண்ணீர் அதற்குள் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

உளிமுனை:
இதைத்தான் சொன்னேன். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால் மரம் ஏறக்குறைய 9 சதவீத ஈரத்தில் நிற்கும். 80 சதவீதமானால் அது 16 சதவீதத்துக்கு ஏறும். சாதாரண பீச் மரத்தில் 4 மி.மீ. கனத்துக்கு அந்த ஏற்றம் தரும் உப்பல் அதிகபட்சம் 0.1 மி.மீ. உங்களுடையது 0.3, 0.4 வரை உப்பியிருக்கிறது. மிச்சம் எங்கிருந்து வந்தது? நசுங்கல் அவிழ்ந்ததுதான். காயவைத்தபோது திரும்பக் கிடைத்தது தண்ணீரின் பங்கு மட்டும். 4.08 க்குக் கீழே அது இனி இறங்காது. 4.0 காடியில் 4.08 என்றால் திரும்பவும் சுத்திதான்.

மைக்ரோவேவைப் பற்றி இன்னொன்று. ஒரே குவியலாகப் போட்டு நிமிடக் கணக்கில் ஓடவிடாதீர்கள். வெளியே ஒன்றும் தெரியாது, நடுவில் இருப்பது கரியாகியிருக்கும். கவனிக்காமல் விட்டால் தீயே பிடிக்கும்.

மரத்தூள்:
இவ்வளவு நேரம் வேடிக்கை பார்த்தேன். ஒரு சந்தேகம் கேட்கிறேன், யாரும் கோபப்படக் கூடாது. அந்த உப்பலால் மூட்டுக்கு உண்மையிலேயே எவ்வளவு பலம் கிடைக்கிறது?

மேசைப் பலகைக்காக நீளவாக்கில் ஓரத்தோடு ஓரம் ஒட்டும்போது பிஸ்கட்டே தேவையில்லை. நன்றாக இழைத்து ஒட்டினால் மூட்டு உடையாது, பக்கத்தில் மரம்தான் பிளக்கும். அங்கே பிஸ்கட் போடுவது இரண்டு பலகையின் முகமும் ஏற்ற இறக்கம் இல்லாமல் நிற்கத்தான். அதற்கு எனக்கு வேண்டியது சிக்கென்று நுழைகிற பிஸ்கட். உளிமுனை ஜாடியில் காய்ந்து கிடக்கிற 3.8 பிஸ்கட் 4.0 காடியில் கடகடவென்று ஆடும். ஆடுகிற பிஸ்கட்டை வைத்து எப்படி மட்டம் பிடிப்பது? நான் என்னுடையதை வேண்டுமென்றே திறந்த டப்பாவில்தான் வைக்கிறேன், கொஞ்சம் ஈரம் குடிக்கட்டும் என்று.

உளிமுனை:
நீங்கள் சொல்வது பலகை மேசைக்குச் சரி. அவர் செய்வது பிளைவுட் பெட்டி. பிளைவுட், துகள் பலகை, எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) மூலைகளில் வெறும் பசை போதாது. ஒரு பலகையின் வெட்டு ஓரம் இன்னொன்றின் முகத்தில் போய் உட்காருகிறது. அங்கே பிஸ்கட் தாங்கியாக வேண்டும். ஆடுகிறது என்கிறீர்கள், பசை பட்ட சில நிமிடத்தில் அந்த ஆட்டம் நின்றுவிடும். மட்டம் சரிபார்க்க உங்கள் விரல் நுனி போதும். கிளாம்பை இறுக்குவதற்கு முன்னால் தடவிப் பார்த்து, மேடாக இருக்கிற பக்கத்தை ஒரு தட்டு தட்டினால் முடிந்தது.

மரத்தூள்:
எட்டுப் பலகை, முப்பது பிஸ்கட், பசை காய்ந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு மூட்டையும் விரலால் தடவிக்கொண்டு நிற்கச் சொல்கிறீர்கள். ஒரு தடவை செய்துவிட்டு வந்து பேசுங்கள்.

எபாக்சி என்கிற இருகலவைப் பசையில் ஒட்டும்போது உங்கள் கணக்கு என்ன ஆகும்? அதில் தண்ணீரே கிடையாது, பிஸ்கட் உப்பாது. உலர்ந்த பிஸ்கட் லூசாகவே நிற்கும். இடைவெளியை எபாக்சிதான் நிரப்பும்.

உளிமுனை:
எபாக்சிக்கு அது சரி, ஒப்புக்கொள்கிறேன். அங்கே உங்கள் திறந்த டப்பா பிஸ்கட்டே மேல்.

பழைய பட்டறை:
நானும் என் அடுக்கில் இருந்ததை அளந்தேன். ஏழு பிஸ்கட் 4.1 க்கு மேல் இருந்தது. மைக்ரோவேவ் முழுதாகச் சரிசெய்வதில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். எரிப்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இப்படிச் செய்து பாருங்கள். காயவைத்த சூட்டோடு பிஸ்கட்டை வைஸில் இரண்டு இரும்புத் தகட்டுக்கு நடுவில் வைத்து, கைப்பிடி நகராத அளவுக்கு இறுக்கி, பத்து நிமிடம் விடுங்கள். 4.1 இருந்தது எனக்கு 3.92 க்கு வந்தது. எடுத்ததும் கொஞ்சம் எழும்பும். ஆனாலும் சுத்தி இல்லாமல் காடிக்குள் இறங்குகிறது. நசுக்கியது போய்விட்டது என்றால் திரும்ப நசுக்க வேண்டியதுதானே?

உளிமுனை:
தொள்ளாயிரம் பிஸ்கட், ஒன்றுக்குப் பத்து நிமிடம். தகடு பெரிதாக இருந்தால் ஒரு தடவைக்கு நாலு வைக்கலாம், அப்போதும் ஒரு வாரம் வைஸ் பக்கத்திலேயே படுக்க வேண்டியதுதான். நாலைந்துக்கு நல்ல யோசனை, அதை மறுக்கவில்லை.

பழைய பட்டறை:
என்னை இவ்வளவு பேசவைத்ததற்கு என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மேசை ஒன்று. ஓரத்தோடு ஓரம் ஒட்டி, பிஸ்கட் போட்டு, மறுநாள் காலையே மேற்பரப்பை மட்டம் செய்து சாண்டிங் போட்டு பாலிஷ் அடித்துவிட்டேன். கண்ணாடி மாதிரி இருந்தது. மூன்று வாரம் கழித்து ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்போது பார்த்தால், மூட்டு நெடுக இலை இலையாகப் பள்ளம். ஒவ்வொரு பள்ளமும் அச்சு அசல் பிஸ்கட்டின் வடிவம். விரல் வைத்தால் தெரியாது, கண்ணுக்குத் தெரிகிறது.

பசைத் தண்ணீரில் காடிக்கு மேலே இருக்கிற மரமும் உப்பியிருந்தது. உப்பின மேட்டை நான் தேய்த்து மட்டமாக்கினேன். பிறகு ஈரம் வெளியேறினதும் அது அமுங்கிவிட்டது. அன்றிலிருந்து பிஸ்கட் போட்ட பலகையை ஒரு வாரமாவது விட்டுத்தான் சாண்டிங் தொடுகிறேன். காடியையும் மேல் முகத்தை விட்டுக் கொஞ்சம் கீழே தள்ளி வெட்டுகிறேன்.

மரத்தூள்:
மேசைப் பலகையில் பிஸ்கட்டே வேண்டாம் என்று நான் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஞாயிறு தச்சனின் இரண்டாவது கேள்வியை எல்லோரும் மறந்துவிட்டோம். 20 தான் முதன்மை: 56 மி.மீ. நீளம், 23 அகலம். பலகை தாங்குகிற பெரிய எண்ணைப் போடுவதே வழக்கம். 20 தாங்காத பலகைக்கு 0 (47க்கு 15) வேண்டும். உங்கள் 18 மி.மீ. பலகையின் முகத்தில் 20க்கான காடி 12 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதலாக இறங்கும், அந்தப் பக்கம் 5, 6 மி.மீ. மரம் மிஞ்சும். அதே காடியை 12 மி.மீ. பலகையில் வெட்டினால் மறுபக்கம் வெளிச்சம் தெரியும். அங்கே 0, ஏனென்றால் அதன் ஆழம் 8 தான்.

குறுகிய மரச் சட்டத்துக்கும் இதே கதை. 100 மி.மீ. பிளேடு 20க்காக இறங்கும்போது காடி நீளம் 65 மி.மீ. வரும். 50 மி.மீ. அகலச் சட்டத்தில் அது ஓரத்தைத் தாண்டிப் போய்விடும். 0 கூட 54 கேட்கும்.

நாற்பத்தைந்து பாகையில் சேரும் மூலையில் காடியை உள்பக்கம் ஒட்டி வெட்டுங்கள், அங்கேதான் மரம் அதிகம். வெளிப்பக்கம் வெட்டினால் முகத்தைத் துளைத்துக்கொண்டு பிளேடு வெளியே வரும். அனுபவம்தான், கேட்காதீர்கள்.

உளிமுனை:
வாங்கும்போது கவனிக்க ஒன்று: பிஸ்கட்டில் நார் குறுக்குச் சாய்வாக ஓட வேண்டும். நீளவாக்கில் நேராக ஓடினால் அது மூட்டுக் கோட்டோடு ஒத்துப்போய் அங்கேயே பிளக்கும். பாக்கெட்டை வாங்கி ஒன்றைக் கையில் உடைத்துப் பாருங்கள். சாய்வாக, கரடுமுரடாகச் சிராய் விட்டு உடைந்தால் நல்லது. சில பாக்கெட்டில் தடிமனே ஒன்றுக்கொன்று மாறியிருக்கும். அதைக் காலிப்பர் காட்டிக்கொடுத்துவிடும்.

சிலிக்கா ஜெல்லை ஒரு தடவை போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். நிறம் மாறுகிற வகையை வாங்குங்கள். ஆரஞ்சு பச்சையானால் நிறைந்துவிட்டது. ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் திரும்ப ஆரஞ்சாகும். நீலமாக இருந்து இளஞ்சிவப்பாகிற வகையில் கோபால்ட் உப்பு இருக்கிறது, அதைச் சாப்பாடு சமைக்கிற ஓவனில் வைக்க வேண்டாம்.

பழைய பட்டறை:
ஜாடி, ஜெல், காலிப்பர், ஓவன். பிஸ்கட்டுக்கு இவ்வளவு செய்வதற்குக் கழுந்தும் துளையும் உளியால் போட்டுவிடலாம்.

உளிமுனை:
போடுங்கள் அண்ணே, யார் தடுத்தது?

ஞாயிறு தச்சன்:
முடிவு இது. பெட்டியின் நடுவில் இருந்தவற்றில் 4.15 அளவில் இருந்த அறுபதைக் காயவைத்து, பழைய பட்டறை ஐயா சொன்னபடி நாலு நாலாக வைஸில் வைத்தேன். மாலை முழுக்க ஓடிவிட்டது. 3.95 பக்கம் வந்திருக்கின்றன, உடனே ஜாடிக்குள் போட்டாயிற்று. அடுத்த அலமாரிக்கு அவை போதும். மீதியை எரிக்கவில்லை. பாலிஷ் கலக்கவும், கிளாம்ப் பல் பதியாமல் அடியில் வைக்கவும் ஆகும் என்று ஒரு பையில் கட்டி வைத்திருக்கிறேன். 2 மி.மீ. இடைவெளியில் அதே பிளைவுட்டின் மெல்லிய சீவலைப் பசையோடு செருகினேன். தூரத்திலிருந்து தெரியாது.

ஆமாம், இந்த 10 ஆம் எண்ணை யாராவது பயன்படுத்துகிறீர்களா?

மரத்தூள்:
பெட்டியில் இருக்கிறது. 20க்கு இடம் போதாமல், 0 போட மனம் வராத ஒரே ஒரு நாளில் எடுத்தேன்.

பழைய பட்டறை:
எனக்கு அந்த நாளும் வரவில்லை.