டியூ லிஸ்ட்டில் காலியாக நிற்கும் கட்டங்கள்: டெல்டா சுகாதார அலுவலக அனுபவங்கள்

மன்னார்குடி பக்கம், வட்டார ஆரம்ப சுகாதார நிலையம்

மாதாந்திர ரிவ்யூ மீட்டிங்கில் நம் வட்டாரத்து டியூ லிஸ்ட்டை, அதாவது யாருக்கு என்ன பதிவு, ஊசி, பணம் பாக்கி என்று காட்டுகிற எக்செல் ஷீட்டை, பெரிய திரையில் போடுவார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்புக் கட்டம் வந்ததும் "இது ஏன் என்ட்ரி ஆகவில்லை?" என்று கேள்வி வரும். டாக்டர் திரும்பி என்னைப் பார்ப்பார். "பார்த்துச் சொல்கிறேன் சார்" என்பேன். காரணம் அப்போதே எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வட்டாரத்துக்குப் போய்விடுவார்கள். அப்படிச் சொல்லாமல் விட்ட காரணங்களை இங்கே எழுதுவோம். புரோகிராம் கம் அட்மின் அசிஸ்டென்ட், டேட்டா என்ட்ரி ஆபரேட்டர், காப்பீட்டு மேசை என்று தொகுப்பூதியத்தில் இருக்கிற எல்லாரும் எழுதலாம். ஆள் பெயர், ஆஸ்பத்திரிப் பெயர் மட்டும் வேண்டாம்.

நானே ஆரம்பிக்கிறேன். எங்களுக்குச் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் கிளினிக். மேட்டூர் ஜூன் 12-இல் திறந்த வருஷமென்றால் குறுவை நடவு நேரத்தில் கிளினிக் காற்றாடும். விடியற்காலையில் வயலில் இறங்குகிற பெண்கள் மதியத்துக்கு மேல்தான் கரையேறுவார்கள். நாலு, அஞ்சு மாசம் வரைக்கும் நடவுக்குப் போகிறவர்கள் உண்டு. போக வேண்டாமென்று நர்சம்மா சொல்வார், அந்தக் கூலியை யார் தருவது என்று அவர்கள் கேட்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான்.

அப்படி ஒரு பெண், ஓ.பி. முடியப்போகிற நேரத்தில் ஓடி வந்தாள். புடவைக் கரையில் சேறு காய்ந்து வெள்ளையாகியிருந்தது. ஆபா எண் (அரசின் டிஜிட்டல் சுகாதார அடையாள எண்) போட வேண்டும். ஆதாரோடு இணைத்த செல்போன் எண் கணவருடையது, அவர் குவைத்தில் இருக்கிறார். ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும், பத்து நிமிஷத்தில் காலாவதி ஆகிவிடும். "ஏங்க, ஆறு நம்பர் வரும், உடனே அனுப்புங்க" என்று வாட்ஸப்பில் வாய்ஸ் போட்டாள். அவர் அனுப்பவில்லை. யார் கேட்டாலும் ஓ.டி.பி. சொல்லாதே என்று வங்கிக்காரர்கள் சொல்லிச் சொல்லி, மனைவி கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்று அவருக்குப் பதிந்துவிட்டது. வீடியோ காலில் வந்தார். "மேடம், நீங்க யாரு?" என்றார். சொன்னேன். "போர்டைக் காட்டுங்க" என்றார். எழுந்து வாசலுக்குப் போய் ஆரம்ப சுகாதார நிலையப் பலகையைக் காட்டினேன். அப்புறம் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையையும் காட்டச் சொன்னார். மனிதர் தணிக்கைத் துறையில் இருந்திருக்க வேண்டியவர்!

நம்பிக்கை வந்ததும் குரல் மாறிவிட்டது. "அவளுக்கு ரத்தம் எவ்வளவு இருக்கு மேடம்? நல்லா இருக்கேன்னுதான் சொல்றா" என்றார். எச்.பி. அளவு என் முன்னால் திரையில் இருந்தது, நல்ல அளவு இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவள் போனுக்குப் பின்னால் நின்று, சொல்லாதீர்கள் என்று தலையை ஆட்டினாள். "அதை நர்சம்மாதான் சொல்லணும், நான் டைப் பண்ற ஆள்" என்றேன். அவருக்குப் புரிந்திருக்கும். ஓ.டி.பி. வந்தது. அதற்குள் முந்தைய எண் காலாவதி ஆகி, மறுபடி அனுப்பி, மறுபடி வாங்கி, ஒருவழியாக சேவ் ஆனது. அந்த மாத ரிவ்யூவில் அந்த வரிக்கு "தாமதப் பதிவு" என்று மஞ்சள் அடித்திருந்தார்கள்.

இன்னொன்று, கர்ப்பிணிகளுக்கு அரசு தருகிற முத்துலட்சுமி ரெட்டி திட்டப் பணம். மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 ரொக்கம், மீதிக்கு ஊட்டச்சத்துப் பெட்டகம். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. ஒருத்திக்கு வரவில்லை என்றால் அவளுடைய மாமியார் நேரே என்னிடம்தான் வருவார். "பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு வந்துருச்சு, எங்களுக்கு நீதான் பட்டனை அமுக்கலையாமே" என்று ஒரு அம்மா கேட்டார். பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தால் பழைய சிண்டிகேட் வங்கி. 2020 ஏப்ரலில் அது கனராவோடு சேர்ந்த பிறகு ஐ.எஃப்.எஸ்.சி. (வங்கிக் கிளைக் குறியீடு) மாறிவிட்டது. லட்சுமி விலாஸ், அலகாபாத், கார்ப்பரேஷன் எல்லாம் இதே கதைதான். பாஸ்புக் மட்டும் பீரோவில் பழைய பெயரோடு பத்திரமாக இருக்கும். வங்கிகள் இணைந்ததைப் பற்றி அந்த அம்மாவிடம் விளக்கினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "சரி, இப்பவாவது அமுக்கு" என்றார்.

பாபநாசம் பக்கம், காசநோய்ப் பிரிவு

அக்கா, எங்கள் பிரிவில் காலிக் கட்டம் பெரும்பாலும் வங்கிக் கணக்குக்குத்தான். காசநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு சத்தான சாப்பாட்டுக்காக அரசு தருகிற நிக்ஷய் போஷண் பணம் மாதம் 500 ரூபாயாக இருந்தது, 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆக்கினார்கள். கொடுக்கிற பணத்தை ஏன் வாங்க மாட்டேன் என்கிறார்கள் என்று மேலே கேட்பார்கள்.

திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு இருமலோடு ஊருக்கு வந்த பையன் ஒருவன். பதிவு செய்யும்போது அக்கா வீட்டு முகவரியைக் கொடுத்திருந்தான். வங்கி விவரம் இல்லை. போன் போட்டால் அம்மா எடுத்தார். "எங்கேருந்து பேசுறீங்க?" என்றார். ஆஸ்பத்திரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எந்த வீட்டுக்குப் போன் போட்டாலும் எடுத்தவர் யாரென்று தெரியாமல் நோயின் பெயரைச் சொல்லக் கூடாது. இதை யாரும் எனக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கவில்லை, ஆனால் இந்த வேலையில் இதைவிட முக்கியமான விதி இல்லை என்பேன். "பேங்க் கணக்கு விஷயமா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இரண்டு நாளில் சாயங்காலம் எல்லாரும் டீக்குப் போன நேரம் பார்த்து வந்தான். மஞ்சள் பைக்குள் பாஸ்புக். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். கணக்கில் பணம் ஏறினால் எஸ்.எம்.எஸ். அப்பா செல்லுக்குப் போகும், இது என்ன பணம் என்று கேட்பார், விஷயம் தெரிந்தால் தெருவே பேசும். "கல்யாணம் முடியட்டும் சார், அப்புறம் போட்டுக்கங்க" என்றான்.

மாத்திரையை மட்டும் விடக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். விடவில்லை. ஆறு மாசமும் ஒழுங்காக வந்து வாங்கிப்போனான், கடைசிச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. சிகிச்சைக் கட்டம் பச்சை, பணக் கட்டம் சிவப்பு. மீட்டிங்கில் கேட்டபோது "விவரம் வாங்கிக்கொண்டிருக்கிறோம்" என்றேன். பொய் இல்லையே. தை மாசம் கல்யாணம் முடிந்ததும் புதுக் கணக்கு ஒன்றைத் தன் நம்பரிலேயே திறந்து கொண்டுவந்தான்.

வேதாரண்யம் பக்கம், துணை சுகாதார நிலையங்களின் பதிவேட்டு வேலை

தம்பி சொன்னது முழுக்க உண்மை. நான் 2018 நவம்பர் 16 பற்றி எழுதுகிறேன். கஜா புயல் எங்கள் தலைமேல்தான் கரையேறியது. தென்னை, மா, மின்கம்பம் எல்லாம் படுத்துவிட்டன. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, டவர் இல்லை. ஆனால் ஆன்லைன் பதிவில் அந்த வாரங்களுக்கும் கட்டம் உண்டல்லவா?

ஒரு துணை நிலையத்தில் கூரை ஷீட் பறந்து, கர்ப்பிணிகள் பதிவேடு, தடுப்பூசிப் பதிவேடு எல்லாம் ஊறிப்போயிருந்தன. நர்சம்மாவும் நானும் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் பிரித்து வெயிலில் வைத்தோம். பறக்காமல் இருக்க மேலே ஓட்டுத் துண்டு. ஜெல் பேனாவில் எழுதியதெல்லாம் நீலக் கறையாகிவிட்டது, ஒரு பெயர் தேறவில்லை. பால்பாயின்ட் பேனா எழுத்து அப்படியே நின்றது. அன்றிலிருந்து எங்கள் பக்கம் பதிவேட்டில் ஜெல் பேனாவைத் தொட விடமாட்டேன்.

அழிந்த வரிகளை நர்சம்மா ஞாபகத்திலிருந்து சொன்னார். தெரு வாரியாகச் சொன்னார். "மேலத்தெரு, அரிசி மில்லுக்குப் பின்னாடி வீடு, ரெண்டாவது புள்ளை, மூணாவது ஊசி பாக்கி." பெயர் வராத இடத்தில்கூட வீடு வந்தது. நான் எழுத எழுத அவர் கண்ணை மூடிக்கொண்டே அந்தத் தெருக்களில் நடந்துகொண்டிருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரில் பேக்கப் இல்லையா என்று பின்னால் ஒருவர் கேட்டார். இருந்தது, போன மாசம் வரைக்கும்.

ஒன்று மட்டும் நன்றாக நடந்தது. புயலுக்கு முந்தின நாளே, பிரசவ தேதி நெருங்கியவர்கள் பட்டியலை பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருந்தோம். அந்தத் தாளை வைத்துத்தான் வீடு வீடாகப் போய் ஆம்புலன்சில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே அனுப்பினார்கள். இப்போது புயல் என்று ரேடியோவில் சொன்னாலே நாங்கள் முதலில் பிரின்டருக்குப் பேப்பர் இருக்கிறதா என்று பார்க்கிறோம்.

தரங்கம்பாடி பக்கம்

சுருக்கமாகச் சொல்கிறேன். 2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டமாகும் வரைக்கும், ஒரு கையெழுத்துக்கு நாகப்பட்டினம் போக வேண்டும். நடுவில் காரைக்கால், அது புதுச்சேரி. சொந்த மாவட்டத் தலைநகருக்கு வேறு அரசின் எல்லை வழியாகப் போய்வந்த கூட்டம் நாங்கள். அந்த அலைச்சல் முடிந்தது, இன்னொன்று முடியவில்லை. வலி எடுத்தால் பக்கத்தில் இருப்பது காரைக்கால் ஆஸ்பத்திரி, அங்கேயே பிரசவம் பார்த்துக்கொண்டு வந்துவிடுவார்கள். தாயும் பிள்ளையும் சுகம். நம் பிக்மியில் (கர்ப்பிணிகளைப் பதிகிற தமிழக அரசின் ஆன்லைன் பதிவு) டெலிவரி கட்டம் காலி. டிஸ்சார்ஜ் சீட்டுக்குக் குழந்தையின் அப்பாவைத் துரத்த வேண்டும். அவருக்கு ஏதாவது ஒரு தாள் தேவைப்படும்போதுதான் என் ஞாபகம் வரும்.

முதல் பிரசவத்துக்கு வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போகிறவர்களும் இதே கணக்குதான். பதிவு ஒரு ஊர், பிரசவம் ஒரு ஊர், தடுப்பூசி மூன்றாவது ஊர். நம் வழக்கத்தை சாஃப்ட்வேர் எழுதினவர்கள் அறிந்திருந்தால் தாய்வீடு என்று ஒரு பொத்தான் வைத்திருப்பார்கள்.

திருவாரூர் பக்கம், காப்பீட்டு மேசை

நான் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு மேசையில் இருந்தவன். குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை, ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும், ரேஷன் கார்டும் வி.ஏ.ஓ.விடம் வாங்கிய வருமானச் சான்றும் வேண்டும். சொல்வதற்கு இவ்வளவுதான். ஆனால் குடும்பம் என்றால் யார் என்ற கேள்வி என் மேசையில்தான் வெடிக்கும்.

இருதயத்தில் அடைப்பு என்று ஒரு பெரியவரை இளைய மகன் அழைத்து வந்தார். அவர் குத்தகை நிலத்தில் பாடுபடுகிறவர். கார்டைப் பார்த்தால் பெரியவர் பெயர் மூத்த மகன் கார்டில் இருக்கிறது. மூத்தவர் சென்னையில் நல்ல சம்பளத்தில் இருக்கிறார், பெற்றோரோடு பேச்சுவார்த்தை இல்லை. "தம்பி, அவன் கார்டுல நான் இருக்கேன். அவன் வூட்டுல இல்லை" என்றார் பெரியவர். கோபமே இல்லாமல் சொன்னார்.

பெயர் நீக்க மூத்தவரின் ஓ.டி.பி. வேண்டும். இளையவர் அண்ணனுக்குப் போன் போட மறுத்தார். ரோஷம். சரி என்று நானே போட்டேன். எடுத்தவர், விஷயத்தைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. "எந்த ஆஸ்பத்திரி?" என்றார். நம்பர் சொன்னார். அடுத்த நாள் ஆளே நேரில் வந்து வராந்தாவில் நின்றார். அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்க்காமல் என்னிடமே மாறி மாறிப் பேசினார்கள். "அவர்கிட்ட சொல்லுங்க சார், அட்வான்ஸ் நான் கட்டுறேன்னு." "அவர்கிட்ட சொல்லுங்க சார், தேவையில்லைன்னு." நடுவில் நான்! பெயரை மாற்றி, சான்று வாங்கி, ஒப்புதல் வந்து, ஸ்டென்ட் வைத்து அனுப்பினோம். சகோதரர்கள் பேசிக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது. விண்ணப்பம் நிலுவையில் இருந்த நாட்களுக்கு மட்டும் விளக்கம் கேட்டு மெயில் வந்தது.

தஞ்சாவூர் பக்கம், புதிதாகச் சேருபவர்

எல்லாருக்கும் வணக்கம். பி.காம். முடித்து டைப்பிங் ஹையர் பாஸ். அடுத்த வாரம் ஒரு வட்டார நிலையத்தில் சேருகிறேன். இதையெல்லாம் படித்தால் கொஞ்சம் பயமாகவே இருக்கிறது. என்ன தெரிந்துகொண்டு போக வேண்டும்?

மன்னார்குடி பக்கம்

வா தம்பி, பயப்படாதே. பழைய கடிதங்கள் வானவில், பாமினி என்கிற பழைய தமிழ் எழுத்துருக்களில் இருக்கும், யூனிகோடுக்கு மாற்றத் தெரிந்து வைத்துக்கொள். பாதி நாள் அதிலேயே போகும். சேர்ந்த அன்றைக்கே எல்லா நர்சம்மாக்களின் நம்பரையும் வாங்கிவிடு. பட்டியலில் இருப்பவர்களுக்குக் காலையில் போன் போடாதே, வயலில் இருப்பார்கள். ராத்திரி ஏழரைக்கு மேல், சோறு வடித்த பிறகு எடுப்பார்கள். உன் சொந்த நம்பரிலிருந்து போட்டால் ஞாயிற்றுக்கிழமையும் உனக்குக் கால் வரும், அதனால் ஆபீஸ் சிம் ஒன்று கேட்டுப் பார். கிடைக்காது, இருந்தாலும் எழுதிக் கேள்.

பதினோரு மாச ஒப்பந்தம் என்றால் முடிகிற தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு ஒரு மாசம் முன்னாலேயே புதுப்பிப்புக் கோப்பை நீயே எழுப்பு. ஊரார் கோப்பையெல்லாம் நகர்த்துகிற நமக்கு நம் கோப்பை நகர்த்த ஆள் கிடையாது. எந்த வட்டாரம் என்று தனியாகச் சொல், அங்கே இருக்கிற பார்மசிஸ்ட் அண்ணன் எனக்குத் தெரிந்தவராக இருந்தால் ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன்.