மீன் டாக்கோ: மீன்தானே, சாப்பிடலாம்தானே?

செங்காங் மாமா
எனக்கு 54 வயசு. போன மாசம் பலதுறை மருந்தகத்தில் எச்பிஏ1சி (மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் சோதனை) 6.3 என்று வந்தது. "பரோட்டாவை விட்டுடுங்க" என்றார் டாக்டர். விட்டேன். இப்போது மகள் ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கமிருந்து வெள்ளிக்கிழமைதோறும் மீன் டாக்கோ, அதாவது ரொட்டியில் பொரித்த மீனை மடித்துத் தரும் மெக்சிகோ பலகாரம், வாங்கி வருகிறாள். "மீன், முட்டைக்கோஸ், எலுமிச்சை. இதுல என்னப்பா கெடுதல்?" என்கிறாள். நானும் மூன்று போடுகிறேன், பசி தீர.

மனசு ஒப்பவில்லை. போன வாரம் ஒன்றைப் பிரித்து, வீட்டில் கேக் செய்யும் தராசில் வைத்துப் பார்த்தேன். வெள்ளைக் கோதுமை மாவு (மைதா) ரொட்டி 41 கிராம். பொரித்த மீன் 58 கிராம். மேல்தோலாக இருந்த மாவை உரித்தால் மீன் மட்டும் 37. வெள்ளைச் சாஸ் 17. முட்டைக்கோஸ் 14, அதாவது ஒரு பிடிகூட இல்லை. மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "சாப்பாட்டுக்குப் போய் யாராவது பிரேதப் பரிசோதனை பண்ணுவாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இது பரோட்டாவைவிட மேலா, இல்லையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரவுப்பணி
மாமா, தராசில் வைத்தீங்களே, பாதி வேலை முடிஞ்சுது. நான் வார்டு நர்ஸ், உணவியல் நிபுணர் இல்லை, ஆனா கணக்கு சுலபம். கோதுமை டோர்டியா, அதான் அந்த ரொட்டி, 100 கிராமுக்கு ஏறக்குறைய 300 கலோரி, உங்களது 120 ஆச்சு. பொரித்த மீன் 130 வரும். சாஸ் மயோனெய்ஸ் என்றால் ஒரு மேசைக்கரண்டியே 90க்கு மேல. ஆக ஒன்று 340, 350. மூணு போட்டா ஆயிரத்தைத் தாண்டுது. அதில் 37 கிராம் மீன் தர்ற புரதம் 7 கிராம்தான், ஒரு முட்டை அளவு.

மீன் மேல பழி போடாதீங்க. மைதாவும் எண்ணெயும் மயோனெய்ஸும்தான் வினை. பரோட்டாவிலும் முதல் ரெண்டும் அதேதானே! தட்டில் பாதி காய், கால் பங்கு மீன், கால் பங்கு தானியம்னு நோயாளிகளுக்குச் சொல்றோம். உங்க தட்டில் காய் 14 கிராம்.

பழைய கப்பல்காரன்
கப்பல் வேலையில் சான் டியகோவில் நின்றபோது எல்லை தாண்டி என்செனாடா வரை போயிருக்கிறேன். மீன் டாக்கோவுக்குப் பேர் போன பாஹா கலிஃபோர்னியா அது. அங்கேயும் மாவில் தோய்த்துப் பொரித்துத்தான் தருவார்கள், அதை யாரும் பத்தியச் சாப்பாடு என்று சொன்னதில்லை. ஆனால் நான் தின்ற வண்டிக் கடையில் ரொட்டி உள்ளங்கை அளவு, மக்காச்சோளத்தில் செய்தது. ஒன்று 25 கிராம் இருந்தாலே அதிகம், 55 கலோரிதான்.

அந்தச் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து, பிறகுதான் அரைப்பார்கள். நம் வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதே சுண்ணாம்புதான். அதனால் கால்சியம் ஏறும். சோளத்துக்குள் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற பி வைட்டமினும் விடுபடும். இந்தப் பக்குவம் தெரியாமல் வெறும் சோளத்தையே நம்பி வாழ்ந்த இத்தாலியிலும் அமெரிக்கத் தென்பகுதியிலும் நியாசின் குறைவால் வரும் பெல்லாக்ரா என்ற நோய் எத்தனையோ ஏழைகளை வாட்டியது. மெக்சிகோ பாட்டிமார் கெட்டிக்காரிகள்! மாவு வாங்கினால் "மாசா ஹரினா" என்று கேளுங்கள், இப்படிப் பக்குவம் செய்த சோள மாவு அதுதான். மக்காச்சோள மாவு என்றால் சூப்புக்குப் போடும் வெள்ளை ஸ்டார்ச்சைத் தந்துவிடுவார்கள், அதில் ரொட்டி நிற்காது.

தேக்கா மீன்பிரியை
கடையில மீன் பேரு டோரின்னு போட்டிருந்தா அது பெரும்பாலும் வியட்நாம் பங்காசியஸ் கெளுத்தி. புரதம் இருக்கு, ஒமேகா 3ங்கிற நல்ல கொழுப்பு சொல்லிக்கிற மாதிரி இல்ல. அதுக்குத்தான்னா கானாங்கெளுத்தி வாங்குங்க, மலாய்க்காரங்க கெம்புங் என்பாங்களே அது. விலையும் குறைவு, நல்ல கொழுப்பும் கூட. வாசனை பிடிக்காதவங்களுக்குக் கொடுவா. மஞ்சள், மிளகாய்த்தூள், கொஞ்சம் சீரகம் தடவி, தோசைக்கல்லுல ஒரு ஸ்பூன் எண்ணெய் போதும். மயோனெய்ஸுக்குப் பதில் கட்டித்தயிர்ல எலுமிச்சையும் பச்சைமிளகாயும். உப்பைப் பார்த்துப் போடுங்க.

செங்காங் மாமா
ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்தாச்சு. மாசா மாவு சப்பாத்திக் கட்டைக்கு அடங்கவே இல்லை, ஒட்டிக்கொண்டு கிழிந்தது. கடைசியில் பிளாஸ்டிக் பையை வெட்டி, நடுவில் உருண்டையை வைத்து, இன்னொரு தோசைக்கல்லால் அழுத்தினேன். மூன்றாவதிலிருந்து வட்டமாக வந்தது. ஒன்றுக்கு மீன் 50 கிராம், முட்டைக்கோஸ் 60. இரண்டு சாப்பிட்டதிலேயே வயிறு நிறைந்தது. மகள் நான்கு. மனைவி மட்டும் சோறும் மீன் குழம்பும்.

மீன்பிரியை, ஒரே ஒரு குறை. கெம்புங் முள் தொண்டையில் குத்தியது. நீங்கள் எப்படி எடுக்கிறீர்கள்?

தேக்கா மீன்பிரியை
பச்சையா இருக்கும்போது முள்ளோட மல்லுக்கு நிக்காதீங்க மாமா. முழு மீனாவே சுட்டு, கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிட்டு, முதுகுப்பக்கம் கீறி மேல்பாதியை எடுத்துடுங்க. அப்புறம் வாலைப் பிடிச்சுத் தூக்கினா நடுமுள் முழுசா வந்துடும். வயித்துப் பக்கச் சின்ன முள்ளை விரலால தடவிப் பார்த்துட்டு உதிர்த்துப் போடுங்க.