புதுப்பிப்பு: குடோன் தம்பிக்கு விலைப்பட்டியல் திறந்த கதை

போன வாரம் கேட்டிருந்தேன்: ஆத்தங்குடி டைல் பட்டறைக்கு ஈஆர்பிநெக்ஸ்ட் (விற்பனை, சரக்கு, கணக்கு எல்லாம் பார்க்கும் மென்பொருள்) போட்டோம், காரைக்குடி குடோன் தம்பியால் விற்பனை விலையையே மாற்ற முடிகிறது, ஏன் என்று. காரணம் கிடைத்துவிட்டது. தப்பு மென்பொருளில் இல்லை, என்னிடம்தான்.

தீபாவளி நேரத்தில் ஒருவர் லீவு போட்டார். அவசரத்துக்குத் தம்பிக்கு, விலையை மாற்றவும் விடும் ‘சேல்ஸ் மாஸ்டர் மேனேஜர்’ ரோலையும் (ரோல் என்றால் ஒருவர் என்னென்ன செய்யலாம் என்ற அனுமதிகளின் தொகுப்பு) கொடுத்தேன், திரும்ப எடுக்கவே இல்லை. இதில் ரோல்கள் ஒன்றையொன்று குறைக்காது, கூட்டிக்கொண்டே போகும். குடோன் வேலைக்கான ஸ்டாக் ரோலை எவ்வளவு இறுக்கினாலும் அந்த இன்னொரு ரோல் கதவைத் திறந்தே வைத்திருக்கும். நான் மூன்று நாள் ஸ்டாக் ரோலையே நோண்டிக்கொண்டிருந்தேன்! முதலாளி ஆச்சி கேட்டார்: “பெட்டகச் சாவியையும் குடோன் சாவியையும் ஒரே வளையத்துல கோத்தா கொடுத்தீக?”

சரி, அந்த ரோலை எடுத்தாயிற்று. அப்புறம் யூசர் பெர்மிஷனில் (ஒருவர் எந்தெந்தக் குடோனின் பதிவுகளைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் இடம்) காரைக்குடி குடோனை மட்டும் வைத்தேன். உடனே ஆத்தங்குடியிலிருந்து வரும் சரக்கைப் பதிய முடியவில்லை, அந்தப் பதிவில் இரண்டு குடோனும் வருகிறதே. இரண்டையும் சேர்த்ததும் ஓடுகிறது.

நேற்றுத் தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவன் லாகினிலேயே விலையை மாற்றச் சொன்னேன். முடியவில்லை. அவனுக்கும் நிம்மதி.