அந்த 5 செ.மீ. யாரு வச்ச கணக்கு?

பாளைவாசி: "போனைக் காதுல வச்சுப் பேசும்போது ஸ்கிரீன் அணையுறதை நிறுத்த சுவிட்ச் கேக்காதீங்க, கன்னம் பட்டு போன் கால் கட்டாயிரும்"னு டவுன் கடைக்காரரு நேத்து எழுதியிருந்தாரு. படிச்சதுல இருந்து மனசு ஆறல. எங்கம்மா கேஸ் சிலிண்டர் பதிய போன் போட்டா "ஒண்ணை அமுக்கவும்"ங்குது. காதுல இருந்து எடுத்தாலும் ஸ்கிரீன் கருப்பாவே கிடக்கு. எதை அமுக்க? காசு குடுத்து வாங்குனவங்க கையிலதான் சுவிட்ச் இருக்கணும்.

டவுன் கடைக்காரன்: 5 செ.மீ. கிட்ட ஏதாவது வந்தாத்தான் போன்ல இருக்க சென்சார் ஸ்கிரீனை அணைக்கும். தள்ளிப் பிடிச்சா தானா எரியும்.

பாளைவாசி: அண்ணாச்சி, காது ஸ்பீக்கர் பக்கத்துல இருந்து அகச்சிவப்பு ஒளி வெளிய போகுது. எதுலயாவது பட்டுத் திரும்பி வந்தா, முகம் கிட்ட இருக்குன்னு போன் நினைச்சுக்கிடுது. ஸ்கிரீன் உடையாம இருக்க மேல ஒட்டுன கண்ணாடிக் கார்டுல தூசி அடைச்சா அங்கனயே பட்டுத் திரும்பிரும். கையை எவ்வளவு நீட்டுனாலும் ஸ்கிரீன் எரியாது.

டவுன் கடைக்காரன்: அப்ப கார்டைக் கழட்டும். 5 செ.மீ.ன்னா 5 செ.மீ.தான்.

அம்பை விவசாயி: கார்டை ஒட்டி விடுததே உம்ம மாதிரி கடைக்காரங்கதானவே! சென்சாரை மறைக்கிற கார்டை என் தலையிலயும் ஒருத்தர் கட்டிட்டாரு.

டவுன் கடைக்காரன்: அது என் கடையில்ல. பழைய பேட்டரி சண்டையை இங்க இழுக்காதீரும்.

அம்பை விவசாயி: இழுப்பேன். அன்னைக்கும் கம்பெனிக்குத்தான் பரிஞ்சு பேசுனீரு.

கோவில்பட்டி டீச்சர்: ஸ்பீக்கர்ல போட்டா அணையாதுல்லா?

பாளைவாசி: வண்ணார்பேட்டை பஸ்ல நின்னுக்கிட்டு பேங்க் விவரத்தை ஊருக்கே கேக்க வைக்கவா டீச்சர்? சில ஆண்ட்ராய்டு போன்ல கால் செட்டிங்ஸ்லயே இந்தச் சுவிட்ச் இருக்கு. அவங்க கன்னமெல்லாம் என்ன பண்ணுது? பவர் பட்டனை அமுக்கி காலைக் கட் பண்ணவும் வசதி இருக்கு, ஆனா நம்பரை அமுக்க அது உதவாது. சில மாடல்ல அகச்சிவப்பே கிடையாது. காதுக்குக் கேக்காத ஒலியை விட்டு, எதிரொலியை மைக்ல பிடிக்கான். அங்க உம்ம 5 செ.மீ. எங்கவே?

டவுன் கடைக்காரன்: அதுக்கும் ஒரு தூரம் வச்சிருப்பான். 5 தான் சரி.

பாளைவாசி: யாருக்குச் சரி? எனக்கு 2 போதும்னா குறைக்க இடம் எங்க இருக்கு?

டவுன் கடைக்காரன்: குறைச்சா கன்னம் பட்டு மியூட் ஆகும். பாளைக்காரங்களுக்கு எல்லாம் தெரியும்னு நெனப்பு.

பாளைவாசி: ஊரை இழுக்காதீரும். ஆகட்டும், என் கன்னம், என் கால். வேண்டாம்ங்கறவங்க சுவிட்சைத் தொடாண்டாம். குடுக்கவே கூடாதுன்னு சொல்ல நீரு யாருவே?

டவுன் கடைக்காரன்: 5 செ.மீ. தள்ளிப் பிடிச்சுட்டு வந்து பேசும்.

அம்பை விவசாயி: முதல்ல கார்டுக்குப் பதில் சொல்லும்!