மறு: ‘சாய்ஸ் அண்ட் கான்சிக்வென்ஸ்’ – தமிழில் ஒரு சொல் வேண்டும்

கொடைக்கானலிலிருந்து, வெள்ளி இரவு

அனைவருக்கும் வணக்கம்.

நம் விளையாட்டுச் சொல்லடைவில் ‘ச’ வரிசை முடியப்போகிறது. ஒரே ஒரு சொல் தொக்கி நிற்கிறது. உலகம் அழிந்த பிறகு நடக்கும் கதைகளைச் சொல்லும் ‘போஸ்ட் அபோகாலிப்டிக்’ என்பதற்கே ‘பின்னூழி’ என்று போன மாதம் ஒருவழியாக முடிவு செய்தோம், ஞாபகம் இருக்கும். இது அதைவிடத் தகராறு பிடித்ததாக இருக்கிறது.

ஃபால்அவுட் என்ற கணினி விளையாட்டுத் தொடரைப் பற்றிப் பழைய ரசிகர்கள் யார் எழுதினாலும் பத்து வரிக்குள் ‘சாய்ஸ் அண்ட் கான்சிக்வென்ஸ்’, அதாவது ஆடுகிறவர் எடுக்கும் முடிவால் ஆட்டத்தில் பின்னால் நடப்பது மாறுவது, வந்துவிடுகிறது. அடுத்த பாகத்தில் அது வேண்டும், போன பாகத்தில் அது இல்லை, முதல் பாகத்தில் அது எப்படி இருந்தது தெரியுமா என்று ஒரே பாட்டு. நான் இதுவரை ‘தேர்வும் விளைவும்’ என்று போட்டு ஒப்பேற்றிவந்தேன். போன வாரம் அம்மா என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, “ரிசல்ட் எப்ப வருது?” என்று கேட்டார். அதோடு அந்தச் சொல் செத்தது.

‘பின்விளைவு’ மருந்துக்கும் மிரட்டலுக்கும் போய்விட்டது. ‘எதிர்விளைவு’ வேதியியல் வகுப்பு.

என் கட்சியையும் சொல்லிவிடுகிறேன். நான் 2015இல் வந்த நான்காம் பாகத்தில் நுழைந்தவள். 1997இலிருந்து ஆடுகிறவர்கள் எதற்காக இப்படிப் புலம்புகிறார்கள் என்பது எனக்குப் பாதிதான் புரிகிறது.


பழனியிலிருந்து, சனி காலை

நல்ல கேள்வி அம்மா. ‘வினைப்பயன்’ இருக்கிறதே? நூற்றாண்டுகளாகப் புழங்கித் தேய்ந்து பளபளப்பான சொல். இருப்பதை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைப் பெற்றுப் பெயர் வைக்க வேண்டுமா?

‘செய்வினை’ என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள். இலக்கணத்தில் அதற்கு ஒரு பொருள், தெருவில் வேறு பொருள். எலுமிச்சம்பழத்தோடு ஆள் வந்துவிடுவார்.

நான் அந்த விளையாட்டை ஆடியதில்லை. பேரன் ஆடும்போது பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். எல்லாரும் பாழடைந்த ஊரில் தகர டப்பாவைப் பொறுக்கிக்கொண்டு திரிகிறார்கள் என்ற அளவுக்குத் தெரியும்.


பண்ணைக்காட்டிலிருந்து, ஞாயிறு இரவு

> ‘வினைப்பயன்’ இருக்கிறதே?

ஐயா, சொல் அழகுதான். இந்த இடத்துக்கு மட்டும் ஒட்டாது என்று படுகிறது. இரண்டு காரணம். முதலாவது சின்னது: இந்தத் தொடரில் கர்மா என்ற பெயரிலேயே ஒரு எண் உண்டு. நல்லது செய்தால் ஏறும், அப்பாவியைக் கொன்றால் இறங்கும். ‘வினைப்பயன்’ அதற்குச் சட்டை தைத்தாற்போல் பொருந்தும். அங்கே வைத்துக்கொள்வோம்.

இரண்டாவதுதான் விஷயமே. வினைப்பயன் செய்தவனைத் தேடிக்கொண்டு வரும். இந்தப் பிறவியில் தப்பினால் அடுத்ததில் பிடிக்கும். பழைய ரசிகர்கள் கேட்பது அதை அல்ல. ஆடுகிறவனுக்கு என்ன கிடைத்தது என்பதில் அவர்களுக்கு அக்கறை குறைவு. அவன் கடந்துபோன ஊர் என்ன ஆயிற்று என்பதுதான் கேள்வி. முதல் இரண்டு பாகங்களும் முடியும்போது ஊர் ஊராகப் படம் போட்டு, உன்னால் இந்த ஊர் பிழைத்தது, அந்த ஊர் பாழாய்ப்போனது என்று ஒரு குரல் வாசிக்கும். அதைக் கேட்கத்தான் சிலர் முழு ஆட்டத்தையும் மறுபடி ஆடுவார்கள்.

நல்லவன் பக்கம் நின்றால் நல்லதே விளையும் என்ற கணக்கையும் ஆட்டத்தை உருவாக்கியவர்கள் கலைக்கப் பார்த்தார்கள். முதல் பாகத்தில் ஜங்க்டவுன் என்ற ஊர். கடை வைத்திருக்கும் மேயர் கில்லியன் ஒரு பக்கம், சூதாட்ட விடுதி நடத்தும் கிஸ்மோ மறுபக்கம். கில்லியன் ஜெயித்தால் அவருடைய கறார்ச் சட்டத்தில் ஊர் இறுகித் தேங்கும், கிஸ்மோ ஜெயித்தால் பணம் புழங்கி ஊர் கொழிக்கும் என்றுதான் முதலில் யோசித்திருந்தார்கள். வெளிவருவதற்குள் அதைத் தலைகீழாக மாற்றிவிட்டார்கள். பழைய ஆட்கள் இன்றுவரை ஆறாமல் பேசும் விஷயங்களில் இது ஒன்று. வினைப்பயன் என்று எழுதினால் இந்த முரண் முழுவதும் கைநழுவிவிடும்.

சரி, என் சொல்லுக்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு கதை.

கல்லூரி விடுமுறையில் மாமா பையன் சென்னையிலிருந்து கொண்டுவந்த சிடியில்தான் நான் முதல் பாகத்தை ஆடினேன். திருத்தம் எதுவும் போடாத ஆரம்பப் பதிப்பு. உங்களுக்குத் தெரியாவிட்டால்: வால்ட் 13 என்ற நிலவறையில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் சில்லு பழுதாகிவிடும். 150 நாளுக்குள் வேறு சில்லு கொண்டுவர வேண்டும். வெளியே போகிறவன் நாம். நாள்கள் ஓடுகின்றன, சில்லு கிடைக்கவில்லை. ஹப் என்ற ஊரில் தண்ணீர் வணிகர்கள் இருப்பார்கள். காசு கொடுத்தால் வால்ட்டுக்கே தண்ணீர் வண்டி அனுப்புவார்கள், 100 நாள் கூடுதலாகக் கிடைக்கும். நான் உடனே கொடுத்தேன். என்னைப் போல் புத்திசாலி உண்டா என்று அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

அப்புறம் சில்லையும் கண்டுபிடித்துக் கொடுத்தேன். அதோடு வேலை தீரவில்லை, எதிரிப் படையை ஒழிக்கச் சொல்லி மறுபடி வெளியே அனுப்பினார்கள். நான் அவசரப்படாமல் ஊர் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு நாள், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், எதிரிகள் வால்ட்டுக்குள் புகுந்து சுடும் காட்சி ஓடியது. ஆட்டம் முடிந்தது. மின்சாரம் போய் வந்ததில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். இங்கே மழைக்காலத்தில் அது சகஜம். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சேவ் போடாதவன் எங்கள் ஊரில் ஆட முடியாது.

கோளாறு எதுவும் இல்லை. எதிரி வால்ட்டைக் கண்டுபிடிக்க 500 நாள் என்று உள்ளே ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தண்ணீர் வண்டி அனுப்பினால் அது 400 ஆகிவிடும். வண்டி போக வேண்டுமென்றால் இடத்தை வணிகனிடம் சொல்லியாக வேண்டும் அல்லவா? போகிற வண்டியைப் பார்க்கிறவன் பார்ப்பான். பின்னால் வந்த திருத்தத்தில் இந்தக் கெடுவை ஏறக்குறைய எடுத்தேவிட்டார்கள். அவசரப்படுத்துகிறது என்று நிறையப் பேர் திட்டியிருந்தார்கள். எனக்கு அதில் இன்றும் வருத்தம்.

எங்கள் தெருவுக்கு ஏப்ரல், மேயில் தண்ணீர் டேங்கர் வரும். வால்வு ஒழுகாத டேங்கரை நான் பார்த்ததில்லை. மேட்டில் எந்த வீட்டுக்குத் தண்ணீர் இறங்கியது என்று யாரையும் கேட்க வேண்டாம். தார் ரோட்டில் ஈரக்கோடு போகும், ஒரு கேட் முன்னால் குட்டையாக நிற்கும். இங்கேதான் என்று அது காட்டிக்கொடுத்துவிடும். வால்ட் 13 அழிந்தது அந்த ஈரக்கோட்டால்தான்.

அதனால் என் பரிந்துரை: வினைத்தடம்.

‘கார்பன் தடம்’ என்று பத்திரிகைகளில் எழுதிப் பழகிவிட்டார்கள். ஒருவன் செய்துவிட்டுப் போனது மண்ணில் கிடக்கும் என்ற பொருள் வாசகருக்கு உடனே ஏறும். “இந்தப் பாகத்தில் வினைத்தடம் ஆழம்”, “வசனம் நிறைய, வினைத்தடம் பூஜ்யம்” என்று வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன், உறுத்தவில்லை.

தங்கை கேட்ட புலம்பலுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. மேலிருந்து பார்க்கும் கோணம், முறை வைத்து அடிக்கும் சண்டை, இதற்காகத்தான் கிழடுகள் அழுகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். 2008இல் மூன்றாம் பாகம் கண்வழிப் பார்வைக்கு மாறியபோது அழுதது உண்மைதான், நானும் அழுதேன். ஆனால் 2010இல் அதே தொடரில் நியூ வேகஸ் வந்தது. அதே கண்வழிப் பார்வை, அதே எஞ்சின். பழைய ஆட்கள் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். கேமராதான் பிரச்சினை என்றால் அது நடந்திருக்காது. நியூ வேகஸில் ஒரு கூட்டத்துக்கு உதவினால் இன்னொரு கூட்டம் சுடுகிறது, நாம் கைவைத்த ஒவ்வொரு ஊரின் கதையும் கடைசியில் வாசிக்கப்படுகிறது. ஃபால்அவுட்டுக்குப் பெரியப்பா முறையான வேஸ்ட்லேண்ட் (1988) ஆட்டத்துக்கு இரண்டாம் பாகம் எடுக்க 2012இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் 9 லட்சம் டாலர் கேட்டார்கள், 29 லட்சத்துக்கு மேல் வந்து விழுந்தது. இந்தப் பசி சும்மா வாய்ப்பேச்சு இல்லை.


கொடைக்கானலிலிருந்து, திங்கள் மதியம்

அண்ணா, ஈரக்கோடு போதும், நான் கட்சி மாறிவிட்டேன். முழுசாக இல்லை.

நான்காம் பாகத்தில் நீங்கள் எல்லாரும் திட்டும் அந்த நான்கு பொத்தான் வசனம் எனக்கும் எரிச்சல்தான். திரையில் இரண்டு சொல் இருக்கும், அழுத்தினால் என் ஆள் வேறு எதையோ பேசுவாள். சரி என்று சொன்னாலும் சரி, நக்கலாகச் சொன்னாலும் சரி, பல இடங்களில் கடைசியில் அந்த வேலை என் தலையில்தான் விழுகிறது. இப்படி வினைத்தடம் இல்லாத தெரிவுக்கும் ஒரு பெயர் வேண்டும்.

ஆனால் ஒரு கேள்வி. அதே ஆட்டத்தில் நான் சாங்க்சுவரி என்ற ஊரில் தண்ணீர் பம்பு போட்டேன், தக்காளி போன்ற டேட்டோ நட்டேன், இருபது பேருக்குக் கட்டில் செய்து போட்டேன். இரண்டு மாதம் அதிலேயே போனது. பாழாய்க் கிடந்த தெருவில் ஆள் நடமாட்டம் வந்தது. அது என் தடம் இல்லையா?


பண்ணைக்காட்டிலிருந்து, திங்கள் இரவு

> அது என் தடம் இல்லையா?

தடம்தான். இதை நான் யோசிக்கவில்லை. குறை எங்கே என்றால், கதை அந்தத் தடத்தைப் படிப்பதில்லை. நீ கட்டிய ஊரைப் பற்றி முடிவில் தனியாக ஒரு வாக்கியம் கிடையாது. இரண்டாம் பாகத்தில் (1998) கெக்கோ என்ற ஊரில் அணுமின் நிலையம் கசிந்து பக்கத்து வால்ட் சிட்டியின் நிலத்தடி நீரைக் கெடுக்கும். அதை நீ பழுதுபார்த்தாயா, விட்டுவிட்டாயா, எப்படிப் பார்த்தாய் என்பதைப் பொறுத்து இரண்டு ஊர் முடிவும் மாறும். உன் தக்காளிக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. இதே தொடரின் ஃபால்அவுட் 76 இன்னும் மோசம். 2018இல் அது வந்தபோது சுற்றிலும் பேச மனிதக் கதாபாத்திரங்களே இல்லை, 2020இல்தான் ஆட்களைக் குடியேற்றினார்கள். தடத்தைப் பார்க்க ஆளே இல்லாத ஊர்.


பூம்பாறையிலிருந்து, செவ்வாய் காலை

நான் பூண்டு போடுகிறவன், கேம் ஆடியதில்லை, மடல்களைப் படிப்பதோடு சரி. ஒரே ஒரு சந்தேகம்.

தடம் அடுத்த மழையில் அழிந்துவிடும். மேல்மலையில் வாட்டில் மரத்தைப் பாருங்கள். தோல் பதனிட அதன் பட்டை வேண்டும் என்று புல்வெளியில் கொண்டுவந்து நட்டார்கள். நட்டவர்கள் ரிட்டயர் ஆகி, காலமாகியும் போனார்கள். மரம் பரவிக்கொண்டே இருக்கிறது. வெட்டித் தீ வைத்தால் போயிற்றா என்றால், மண்ணில் கிடக்கும் விதை சூடு பட்டதும் முளைத்து வருகிறது. நீங்கள் சொல்லும் விஷயம் இந்த மாதிரி என்றால் ‘தடம்’ குறைச்சல். ‘வினைமுளை’, ‘வினைவித்து’ என்று ஏதாவது பாருங்கள்.


பழனியிலிருந்து, செவ்வாய் மாலை

பூம்பாறைக்காரர் சொல்வதில் சத்து இருக்கிறது. ஆனால் வித்து என்றதும் மறுபடி ‘விதைத்தவன் அறுப்பான்’ பக்கம் சாய்ந்துவிடுகிறோம், நான் முதலில் செய்த பிழை அது. வாட்டிலை அறுப்பவன் நட்டவன் இல்லையே. யானைத்தடம் என்கிறோம், அது ஒரு மழையில் அழிகிறதா? தலைமுறையாக அதே வழி. வண்டித்தடம் ஆழமானால் அதுவே பாதை. ஆகவே தடத்துக்கு என் வாக்கு. புணர்ச்சியிலும் தொல்லை இல்லை, ‘வினைத்தொகை’ என்ற சொல்லில் வருவது போலவே தகரம் மிகும்.

இரண்டாவது சொல்லுக்கு: சின்ன வயதில் விளையாட்டில் சேர்த்துக்கொண்ட மாதிரி சேர்த்துக்கொண்டு கணக்கில் எடுக்காத பிள்ளையை ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்போம். பொருள் அச்சு அசலாக அதுதான். ஆனால் நடக்க முடியாதவரைக் குத்தும் சொல்லை இன்று அடைவில் ஏற்ற வேண்டாம். ஒப்பை மட்டும் எடுத்துக்கொண்டு ‘ஒப்புத்தெரிவு’ என்று வைக்கலாம். ‘ஒத்துக்கொண்ட தெரிவு’ என்று யாராவது படிப்பார்களோ என்று ஒரு பயம் இருக்கிறது.


கொடைக்கானலிலிருந்து, புதன் இரவு

படிப்பார்கள் ஐயா. அம்மாவிடம் காட்டினேன், அப்படியே படித்தார். அதனால் ‘ஒப்புக்குத் தெரிவு’ என்று பிரித்தே போட்டிருக்கிறேன், இப்போது சரியாகப் புரிந்துகொண்டார்.

‘வினைத்தடம்’ ஏற்றியாயிற்று. விளக்கத்தில் தண்ணீர் வண்டியையும் வாட்டிலையும் சேர்த்திருக்கிறேன். ‘வினைமுளை’யை ஒதுக்கவில்லை, நெடுநாள் கழித்துத் தலைகாட்டும் தடத்துக்குத் தேவைப்படலாம் என்று தனியாகக் குறித்துவைத்திருக்கிறேன்.

அடுத்தது ‘ட’ வரிசை. முதல் சொல் ‘டயலாக் ட்ரீ’. வசனமரம் என்று யாராவது ஆரம்பிப்பதற்கு முன்னால், ஐயா, பேரனைக் கொஞ்சம் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.